என்னைச் சந்தேகப்படாத இடங்கள்

கணக்குப் பிரிவில் 13 ஆண்டுகள் குப்பை கொட்டிய ஒருவன், 38 வயதில் அதை உதறிவிட்டுக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போகிறேன் என்றால் வீட்டில் என்ன நடக்கும்? என் வீட்டில் யாரும் சண்டை போடவில்லை. அக்கா மட்டும் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, "உன்னை நம்பி யார் தம்பி குழந்தையைக் கொடுப்பார்கள்?" என்று கேட்டாள். கேலியாகத்தான் கேட்டாள். அந்தக் கேள்வியை அன்றைக்கே உட்கார்ந்து யோசித்திருந்தால் 14 மாதங்களும், நான்கு மாதச் சம்பளத்துக்கு மேற்பட்ட சேமிப்பும் எனக்கு மிச்சமாகியிருக்கும். நானோ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டேன்.

ஆசை வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அக்கா ஆறு மாதம் படுக்கையில் இருந்தாள். அவள் மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. பாதிச் சம்பளத்தில் விடுப்பு வாங்கிக்கொண்டு குழந்தையை நான்தான் பார்த்துக்கொண்டேன். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, இரவில் தோளில் போட்டு நடப்பது எல்லாம் அந்த ஆறு மாதத்தில் கைவந்துவிட்டன. திரும்பி அலுவலகம் போய் நாற்காலியில் உட்கார்ந்தபோது உடம்பு ஒட்டவில்லை. ஒரு குழந்தையை வளர்க்கத் தெரிந்துவிட்டது, ஆகவே இந்த வேலைக்குத் தகுதி வந்துவிட்டது என்று நானாக முடிவு செய்துகொண்டேன். சொந்த வீட்டுக் குழந்தையைப் பார்ப்பதும் ஊரார் குழந்தைக்குப் பொறுப்பேற்பதும் ஒரே வேலை என்று நினைத்ததுதான் முதல் தவறு. மற்ற தவறுகளெல்லாம் அதன் பிள்ளைகள்.

வேலையை விட்ட பத்தாம் நாள், இணையவழிப் படிப்பு ஒன்றில் சேர்ந்தேன். குழந்தைப் பராமரிப்பில் பட்டயம், எட்டு வாரம், முடித்தவுடன் வேலை உறுதி என்று விளம்பரம். கட்டணம் என் ஒன்றரை மாதச் சம்பளம். வாரம் மூன்று காணொளி, கடைசியில் சரியா தவறா என்று டிக் அடிக்கும் தேர்வு. எனக்கு 94 மதிப்பெண். சான்றிதழில் தங்க நிற முத்திரை, ஓரத்தில் பூவேலை எல்லாம் இருந்தன. அதை எடுத்துக்கொண்டு போன முதல் நேர்காணலில், எதிரே இருந்த பெண்மணி அதைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் ஒரு துணிப் பொம்மையை என் கையில் கொடுத்தார். "எட்டு மாதக் குழந்தை. தொண்டையில் ஏதோ மாட்டிக்கொண்டது. அழக்கூட முடியவில்லை. செய்து காட்டுங்கள்." நான் பொம்மையைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து வயிற்றை அமுக்கினேன். அவர் முகம் மாறிவிட்டது. பெரியவர்களுக்குச் செய்வதை ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குச் செய்தால் உள்ளுறுப்புகளுக்குக் காயம் ஏற்படலாம். தலை தாழ்ந்திருக்கும்படி முன்கையில் குப்புறக் கிடத்தித் தோள்பட்டைகளுக்கு நடுவே ஐந்து தட்டு, பிறகு திருப்பி மார்பில் ஐந்து அமுக்கு, அடைப்பு விலகும்வரை இப்படி மாறி மாறிச் செய்ய வேண்டும், ஓர் ஆள் அதற்குள் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். அதை அவர்தான் எனக்குச் செய்து காட்டினார். 94 மதிப்பெண் அந்தப் பொம்மைக்கு உதவவில்லை.

ஆகவே படிப்புக்குப் பணம் கட்டும் முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. நீங்கள் வேலை பார்க்க ஆசைப்படும் மூன்று இடங்களுக்குத் தொலைபேசி செய்து, எந்த நிறுவனத்தின் சான்றிதழை ஏற்றுக்கொள்கிறீர்கள் என்று கேளுங்கள். மூன்று அழைப்பு, அரை மணி நேரம். முதலுதவி வகுப்பை மட்டும் எக்காரணம் கொண்டும் திரையில் பார்த்துப் படிக்காதீர்கள். பொம்மையில் கை வைத்துப் பழக வேண்டும். நீங்கள் செய்வது தவறென்றால் அங்கேயே கையைத் தட்டிவிட ஓர் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். பிறகு நான் சேர்ந்த முதலுதவி வகுப்பு ஒன்றரை நாள்தான். பட்டயத்துக்குக் கொட்டிக் கொடுத்ததில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

இந்தக் கட்டத்தில் ஒரே சுயவிவரத்தை 43 இடங்களுக்கு அனுப்பியிருந்தேன். பகல்நேரக் காப்பகம், மழலையர் பள்ளி, ஆதரவற்ற குழந்தைகளுக்கான இல்லம், வளர்ப்புக் குடும்பங்களை மேற்பார்வை செய்யும் அமைப்பு, மருத்துவமனையில் நோயாளிக் குழந்தைகளை விளையாட வைக்கும் பணி என எல்லாவற்றுக்கும் அதே இரண்டு பக்கம்தான். குழந்தை என்ற சொல் இருந்தால் போதும், அனுப்பிவிடுவேன். இவை வெவ்வேறு தொழில்கள். காப்பகத்துக்கு வரும் குழந்தை மாலையில் அம்மா அப்பாவோடு வீட்டுக்குப் போய்விடும். இல்லத்துக் குழந்தைக்கு மாலை என்பதே வேறு. குடும்பத்தில் தலையிட்டு விசாரிக்கும் பணிகளுக்குப் பெரும்பாலும் சமூகப்பணிப் பட்டம் கேட்பார்கள். இல்லக் காப்பாளர் பணிக்கு அனுபவத்தையும் நிதானத்தையும் பார்ப்பார்கள். எந்த வயதுக் குழந்தை, பகலா இரவா, குழந்தையோடு நேரடியாகவா குடும்பத்தோடா என்ற மூன்றையும் நமக்குள் முடிவு செய்துகொண்டு பத்து இடங்களுக்கு மட்டும், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எழுதியிருந்தால் அந்த 43இல் பாதி மௌனம் மிஞ்சியிருக்காது.

மௌனம் தாங்காமல் ஒரு வேலைவாய்ப்பு ஏஜென்சிக்குப் போனேன். பதிவுக் கட்டணம், ஆவணச் சரிபார்ப்புக் கட்டணம், முன்னுரிமைப் பட்டியலுக்குத் தனிக் கட்டணம். மூன்றையும் கட்டினேன். இரண்டு மாதம் கழித்து நேரில் போனபோது அந்த அறையில் வேறு யாரோ தையல் இயந்திரம் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1997இல் தனியார் வேலைவாய்ப்பு முகமைகளுக்கென ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது. 181ஆம் எண். அதன் ஏழாம் பிரிவு, வேலை தேடுபவரிடம் நேரடியாகவோ மறைமுகமாகவோ கட்டணம் வாங்கக் கூடாது என்கிறது. விதிவிலக்குகள் உண்டு, எல்லா நாடுகளும் அதை ஏற்கவும் இல்லை. ஆனாலும் என்னைப் போன்றவர்களுக்கு அது நல்ல அளவுகோல். ஆள் தேவைப்படுகிறவர்தான் ஏஜென்சிக்குப் பணம் தர வேண்டும். நம்மிடம் கை நீட்டினால் எழுந்துவிட வேண்டும். நான் எழுந்திருக்கவில்லை, அரை மாதச் சம்பளம் போயிற்று.

பிறகு ஒரு நாள் திடீரென்று வேலை கிடைத்தது. ஒரு பகல்நேரக் காப்பகத்தின் வாசலில் ஆள் தேவை என்று அட்டை தொங்கியது. உள்ளே போனேன். பெயர் கேட்டார்கள், எந்தப் பகுதியில் வீடு என்று கேட்டார்கள், நாளையிலிருந்து வரலாம் என்றார்கள். அடையாள அட்டையின் நகலைக்கூட வாங்கவில்லை. முன்பு எங்கே வேலை பார்த்தேன், எதற்காக விட்டேன், என்னைத் தெரிந்தவர் யார் என்ற எந்தக் கேள்வியும் இல்லை. அன்று மாலை வீட்டுக்கு நடந்து வந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. கடைசியில் ஒருவராவது என்னை நம்பினார்களே என்று. இந்தப் பதிவை எழுதுவதே அந்த ஒரு வரிக்காகத்தான். அவர்கள் என்னை நம்பவில்லை. என்னைப் பற்றி அவர்களுக்கு அக்கறை இல்லை, அவ்வளவுதான். என்னைச் சந்தேகிக்காதவர்கள் எனக்கு முன்னால் வந்தவனையும் சந்தேகித்திருக்க மாட்டார்கள், எனக்குப் பின்னால் வரப்போகிறவனையும் சந்தேகிக்கப் போவதில்லை. தங்கள் குழந்தைகளை இப்படி ஒரு வாசலில் விட்டுவிட்டுப் போகிறோம் என்பது அந்தப் பெற்றோர்களுக்குத் தெரியாது.

அங்கே ஐந்து வாரம் இருந்தேன். தூங்கும் அறைதான் எனக்கு ஒதுக்கப்பட்டது. பதினொரு குழந்தைகள், அவர்களில் ஏழு பேர் ஒரு வயதுகூட நிரம்பாதவர்கள், நான் ஒருவன். திரைச்சீலை எப்போதும் மூடியிருக்கும். ஒரு குழந்தையை மாற்றித் துடைத்துப் படுக்க வைப்பதற்குள் இன்னொன்று அழும். அழுகை வெளியே கேட்காமலிருக்க வானொலியைச் சத்தமாக வைக்கச் சொல்லியிருந்தார்கள். குப்புறப் போட்டால் சீக்கிரம் தூங்கிவிடும் என்று முதல் நாளே சொல்லிக் கொடுத்தார்கள், நானும் அப்படியே செய்தேன். மூன்றாம் வாரத்தில் ஒரு மதியம் ஒரு குழந்தையின் எச்சில்துணியின் நாடா கழுத்தைச் சுற்றிக்கொண்டு, முகம் மெத்தைக்குள் புதைந்திருந்தது. தற்செயலாகத்தான் அந்தப் பக்கம் திரும்பினேன். தூக்கியபோது மூச்சு வந்தது, இருமியது, பிறகு என் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்துச் சிரித்தது. எனக்குக் கால்கள் நிற்கவில்லை. பொறுப்பாளரிடம் போய்ச் சொன்னேன். "ஒன்றும் ஆகவில்லையே, அம்மாவிடம் சொல்லிப் பயமுறுத்தாதீர்கள்" என்றார்.

மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும், மெத்தை கெட்டியாகவும் சமமாகவும் இருக்க வேண்டும், தலையணையோ பொம்மையோ தொங்கும் நாடாவோ தொட்டிலில் கூடாது. 1990களில் பல நாடுகளில் இதை வீடுதோறும் கொண்டுபோய்ச் சேர்த்த பிறகு, கைக்குழந்தைகள் தூக்கத்திலேயே திடீரென்று இறந்துபோகும் தொட்டில் மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். ஆள் கணக்கும் அப்படித்தான். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு கணக்கு உண்டு. இங்கிலாந்துக் காப்பகங்களில் இரண்டு வயதுக்கு உட்பட்ட மூன்று குழந்தைகளுக்கு ஒருவர் என்பது விதி. 1989இல் ஐக்கிய நாடுகள் நிறைவேற்றிய குழந்தை உரிமை உடன்படிக்கையின் மூன்றாம் பிரிவிலேயே, குழந்தைகளைப் பராமரிக்கும் இடங்களில் பணியாளர்களின் எண்ணிக்கையும் தகுதியும் மேற்பார்வையும் உரிய தரத்தில் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. உங்கள் பகுதியில் அந்த எண் என்ன என்று தெரிந்துகொள்ளாமல் வேலையில் சேராதீர்கள். சேரும் முன் ஒரு நாள் காலை பத்தரை மணிக்கும், இன்னொரு நாள் பெற்றோர் அழைத்துப் போகும் நேரத்திலும் போய் நில்லுங்கள். தலைகளை எண்ணுங்கள். அறையில் இருப்பவர் கழிவறைக்குப் போனால் அவருக்குப் பதில் யார் என்று கேளுங்கள். யார் குழந்தையை அழைத்துப் போனார்கள் என்று பதிவேட்டில் எழுதுகிறார்களா என்று பாருங்கள். அனுமதி மறுத்தால் அதுவே பதில்.

ஐந்தாம் வாரக் கடைசியில் நின்றுவிட்டேன். சம்பளம் வரவில்லை. ஒப்பந்தம் இல்லை, வருகைப் பதிவில் கையெழுத்து இல்லை. நான் அங்கே வேலை பார்த்தேன் என்பதற்கு அத்தாட்சி என் முதுகுவலி மட்டும்தான். முதல் நாளே நியமனக் கடிதம் கேளுங்கள். கடிதம் தாமதமாகும் என்றால், பணி நேரம், சம்பளம், சேர்ந்த தேதி மூன்றையும் ஒரு குறுஞ்செய்தியாக எழுதி அனுப்பி, சரி என்ற ஒற்றைச் சொல்லையாவது பதிலாக வாங்கி வையுங்கள்.

அதற்கடுத்து நான் செய்ததை எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. அனுபவச் சான்று இல்லாமல் எங்கும் நுழைய முடியவில்லை என்பதால், பணம் கட்டித் தன்னார்வலராகச் சேரும் ஓர் இல்லத்தைப் பிடித்தேன். நன்கொடை, தங்கும் செலவு, இரண்டு வாரம், முடிவில் சான்றிதழ். இதற்கும் ஒரு மாதச் சம்பளம். வாசலில் காலை வைத்ததும் ஐந்தாறு குழந்தைகள் ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டார்கள். ஒரு சிறுமி என் இடுப்பிலிருந்து இறங்கவே மாட்டேன் என்றாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை, குழந்தைகளுக்கு என்னைப் பிடிக்கிறது என்று அக்காவுக்குப் படம் அனுப்பினேன். பதினான்காம் நாள் நான் கிளம்பியபோது அந்தச் சிறுமி அழவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னை இறக்கிவிட்ட வண்டியில் வந்திறங்கிய அடுத்த தன்னார்வலரின் இடுப்பில் ஏறிக்கொண்டாள்.

அதற்கு என்ன பொருள் என்பது பிறகுதான் புரிந்தது. யாரென்றே தெரியாதவரிடம் தயக்கமில்லாமல் ஒட்டிக்கொள்வது, மாறி மாறி வரும் கைகளில் வளரும் குழந்தைகளிடம் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பக் கண்ட அறிகுறி. 2000ஆம் ஆண்டில் ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் தொடங்கிய ஆய்வு ஒன்றில், இல்லங்களில் வளர்ந்த 136 சிறு குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். குடும்பத்துக்குப் போன குழந்தைகள் பல வகையிலும் தேறினார்கள், அதிலும் இரண்டு வயதுக்கு முன்பே போனவர்கள் கூடுதலாகத் தேறினார்கள். நிலையாக ஒருவர் இருப்பதுதான் மருந்து என்றால், பதினான்கு நாளுக்கு ஒருவர் வந்து போவது என்ன? 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய குழந்தை உரிமைத் தீர்மானம், இல்லங்களில் நடக்கும் தன்னார்வச் சுற்றுலாவால் குழந்தைகளுக்கு ஏற்படும் தீங்கைத் தடுக்கச் சொல்கிறது. அந்தச் சான்றிதழை நான் எங்கும் காட்டியதில்லை. அனுபவம் வேண்டுமென்றால் உங்கள் பகுதி நூலகத்தில் கதை சொல்லும் நேரம், விளையாட்டுப் பயிற்சி, பள்ளி முடிந்த பின் பாடம் சொல்லிக் கொடுப்பது என்று வாரம் ஒரு மணி நேரமானாலும் ஒரு வருடம் தொடர்ந்து வரக்கூடிய ஒன்றைப் பிடியுங்கள். பணம் வாங்கிக்கொண்டு குழந்தைகளின் நடுவே நம்மை விடும் இடம் வேண்டவே வேண்டாம்.

முறையான இடங்களில் நேர்காணல்கள் வர ஆரம்பித்தது இதற்குப் பிறகுதான். நான்கில் தோற்றேன். மூன்றில் என் முதல் வாக்கியம் "எனக்குக் குழந்தைகள் என்றால் உயிர்." இந்த வாக்கியத்தைக் கேட்டதும் எதிரே இருப்பவர்கள் பேனாவை வைத்துவிடுகிறார்கள் என்பதை மூன்றாம் முறைதான் கவனித்தேன். பிடிக்காத குழந்தையும் வரும், கடிக்கும் குழந்தையும் வரும். அப்போது என்ன செய்வீர்கள் என்பதுதான் அவர்களுக்குத் தெரிய வேண்டும். நான் ஆண் என்பதும் ஒரு தடைதான், அதை மூடி மறைப்பதில் பயனில்லை. "டயபர் மாற்றும் வேலையும் செய்வீர்களா?" என்று ஓர் இடத்தில் என் கண்ணைப் பார்க்காமல் கேட்டார்கள். காது சுட்டது. இப்போது அந்தக் கேள்வியை நானே முந்திக்கொண்டு கேட்கிறேன். உடை மாற்றுவதற்கும் குளிப்பாட்டுவதற்கும் இங்கே எழுதப்பட்ட விதி என்ன, கதவு திறந்திருக்குமா, இன்னொருவர் பார்வையில் இருக்க வேண்டுமா? விதி இருக்கும் இடத்தில் குழந்தைக்கும் காவல், எனக்கும் காவல்.

நான்காவது நேர்காணலில் கேட்ட கேள்வி இன்னும் மனத்தில் நிற்கிறது. "ஒரு குழந்தை உங்களிடம் வந்து, ஒரு விஷயம் சொல்கிறேன், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்யுங்கள் என்கிறது. என்ன செய்வீர்கள்?" நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, சத்தியம் செய்வேன், அந்த நம்பிக்கையைக் காப்பாற்றுவேன் என்றேன். நேர்காணல் அத்தோடு முடிந்தது. ரகசியம் காப்பதாக வாக்குக் கொடுக்கவே கூடாது. உனக்கு உதவக்கூடிய ஒருவரிடம் மட்டும் நான் சொல்ல வேண்டியிருக்கலாம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிறகு குறுக்கிடாமல் கேட்க வேண்டும். யார், எங்கே தொட்டார் என்று நாமாக வார்த்தைகளை எடுத்துக் கொடுக்கக் கூடாது. குழந்தை சொன்ன சொற்களை அப்படியே எழுதி, அன்றைக்கே அதற்கென நியமிக்கப்பட்ட பொறுப்பாளரிடம் சேர்க்க வேண்டும். துப்பறிவது நம் வேலை இல்லை. எந்த நேர்காணலுக்கும் இதைத் தயார் செய்யாமல் போகாதீர்கள். அதைவிட முக்கியம், இந்தக் கேள்வியைக் கேட்காத இடத்தை ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள்.

ஐந்தாவது இடம் ஓர் இல்லம், பத்து முதல் பதினைந்து வயதுப் பையன்கள். பொறுப்பாளர் ஓர் அம்மையார், அறுபதை நெருங்குபவர். என் சுயவிவரத்தின் மேல் ஓர் அடிக்கோலை வைத்து மாதம் மாதமாக நகர்த்திக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் கோல் நின்றது. "இந்த ஐந்து வாரம்?" ஓய்வில் இருந்தேன் என்றேன். "எங்கே?" நான் விழித்தேன். காப்பகக் கதையை எழுதாமல் விட்டிருந்தேன், சம்பளம் தராத இடத்தை எதற்காகப் போட வேண்டும் என்று. வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். தூங்கும் அறை, வானொலி, அந்த நாடா. அவர் முழுதும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "யாரிடம் புகார் செய்தீர்கள்?"

நான் யாரிடமும் சொல்லவில்லை. சம்பளப் பாக்கியைப் பற்றி ஏழெட்டுப் பேரிடம் புலம்பியிருக்கிறேன். அந்தக் குழந்தையைப் பற்றி ஒருவரிடமும் புலம்பவில்லை. வேலை போய்விட்டது என்று முடிவு கட்டி எழுந்தேன். அவர் உட்காரச் சொன்னார். 2002இல் இங்கிலாந்தின் சோஹம் என்ற சிற்றூரில் பத்து வயதுச் சிறுமிகள் இருவரை ஒரு பள்ளியின் கட்டடப் பராமரிப்புப் பணியாளன் கொன்றதைச் சொன்னார். அவன்மீது முன்பே வேறு பகுதிக் காவல்துறையிடம் பாலியல் புகார்கள் பல இருந்தன. வேலைக்கு எடுத்தபோது நடந்த சரிபார்ப்பில் அவை எதுவும் தலைகாட்டவில்லை. அதை ஆராய்ந்த விசாரணைக் குழுவின் அறிக்கை 2004இல் வந்த பிறகுதான் அந்த நாட்டில் சரிபார்ப்பு முறையே மாறியது. "இடைவெளிகளைத்தான் நாங்கள் முதலில் பார்ப்போம். உங்களைக் குற்றவாளி என்று நினைத்து இல்லை. பார்க்காமல் விட்டவர்கள் பட்டதைப் பார்த்திருக்கிறோம். இன்று இரவு அந்தப் புகாரை எழுதுங்கள், பிறகு பேசலாம்" என்றார். எழுதினேன். காப்பகங்களுக்கு உரிமம் தரும் அலுவலகத்துக்கு, தேதி நேரத்தோடு இரண்டு பக்கம். ஆய்வுக்கு ஆள் போனதாகப் பதில் கடிதம் வந்தது. எட்டு மாதம் முன்பே எழுதியிருக்க வேண்டிய கடிதம்.

அந்த வாரமே எழுத்துத் தேர்வுக்கு அழைத்தார்கள். ஐந்து நிமிடக் காணொளி ஒன்று. ஒரு பையன் அறைக்குள் வருகிறான், ஷூவை எறிகிறான், மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்கிறான். பார்த்ததை அன்றைய குறிப்பேட்டில் எழுதுவதுபோல எழுத வேண்டும். பக்கத்தில் இருந்தவர்கள் பக்கம் பக்கமாக எழுதினார்கள். கோபக்காரச் சிறுவன், தாய்ப்பாசம் கிடைக்காதவன், கவனத்தை ஈர்க்க முயல்கிறான் என்றெல்லாம். நான் எழுதியது ஆறு வரி. மாலை 4.10: வலது ஷூவைக் கழற்றிச் சுவரில் எறிந்தான். 4.11: மேசைக்கு அடியில் சென்றான், முழங்காலைக் கட்டிக்கொண்டான். 4.13: காப்பாளர் அருகே தரையில் அமர்ந்தார், பேசவில்லை. இப்படியே. 13 ஆண்டுகள் பற்று வரவு எழுதிய கைக்கு அபிப்பிராயம் எழுத வராது. எந்த வேலையை வெறுத்து ஓடி வந்தேனோ அதுதான் கடைசியில் எனக்குக் கதவைத் திறந்தது. பையனின் குறிப்பேடு நாளைக்கு நீதிமன்றத்துக்குப் போகலாம், பத்து ஆண்டு கழித்து அவனே கேட்டு வாங்கிப் படிக்கலாம். கோபக்காரன் என்று எழுதினால் அவன் அப்படியே நின்றுவிடுவான் என்று அம்மையார் பிறகு சொன்னார். உங்கள் பழைய வேலை எதுவானாலும் அதில் இந்தப் பணிக்கு உதவும் ஏதாவது ஒன்று இருக்கும். அதைத் தேடி எடுத்து, நேர்காணலில் முதல் ஐந்து நிமிடத்துக்குள் சொல்லிவிடுங்கள்.

தேர்வான பிறகும் பணியில் சேர மூன்றரை மாதம் ஆயிற்று. காவல்துறைச் சான்று, மருத்துவச் சான்று, இரண்டு பரிந்துரையாளர்கள். பரிந்துரைக் கடிதத்தை என் கையில் வாங்கவே மாட்டோம், நாங்களே தொலைபேசியில் பேசுவோம் என்றார்கள். என் பழைய மேலதிகாரியிடம், இவரைக் குழந்தைகளோடு தனியாக விடுவீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். அவர் என்னை அழைத்து, "என்னப்பா இது, கேள்வியே ஒரு மாதிரி இருக்கிறதே" என்றார். அப்போது எனக்கு அவமானமாக இல்லை என்பதை நானே ஆச்சரியத்தோடு கவனித்தேன். இந்த மூன்றரை மாதத்துக்குக் கையில் பணம் வேண்டும் என்பதை மட்டும் யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஒரு கடைக்கு மாலை நேரக் கணக்கு எழுதிச் சமாளித்தேன். நீங்கள் செய்யலாகாதது, எல்லாம் கூடி வரும் முன்பே இருக்கிற வேலையை விடுவது. சான்றுகளுக்கு விண்ணப்பிப்பதையும் பரிந்துரையாளர்களிடம் முன்கூட்டிச் சொல்லி வைப்பதையும் சம்பளம் வந்துகொண்டிருக்கும்போதே முடித்துவிடலாம்.

வேலையைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை, பையன்களின் கதை அவர்களுடையது. சம்பளம் பழைய சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு. வாரம் இரண்டு இரவுப் பணி. முதல் இரவில் ஒருவன் மூன்று மணிக்கு எழுந்து வந்து, கதவு நிலையில் சாய்ந்து நின்று, "நீங்கள் எத்தனை நாள் இருப்பீர்கள்?" என்று கேட்டான். தெரிந்த பதில் ஒன்றுதான் இருந்தது, தகுதிகாண் காலம் ஆறு மாதம் என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டுப் போனான். அறைக்குத் திரும்பி வந்த பிறகுதான் எனக்கு நடுக்கம் வந்தது. இப்படிப்பட்ட இரவுகளுக்கு மறுநாள் யாரிடம் பேசுவது என்பதையும் நேர்காணலிலேயே கேட்டுவிடுங்கள். பணியாளரோடு தனியாக உட்கார்ந்து பேச மாதம் ஒரு மணி நேரமாவது ஒதுக்கும் மேற்பார்வையாளர் இருக்கிறாரா, இல்லை, பழகிவிடும் என்று தோளைத் தட்டி அனுப்புவார்களா? அம்மையார் மாதக் கடைசி வெள்ளியில் எனக்கு ஒரு மணி நேரம் தருகிறார். முதல் மூன்று வெள்ளி நான் ஒன்றுமே பேசவில்லை. அவரும் அவசரப்படுத்தவில்லை.

சேர்ந்து இப்போது இரண்டே முக்கால் ஆண்டு. இங்கே மூன்று ஆண்டுக்கு ஒருமுறை எல்லோருக்கும் மறு சரிபார்ப்பு உண்டு, அம்மையாருக்கும் உண்டு. அதற்கான படிவம் போன வாரம் வந்தது. பழைய முகவரிகள், முன்பு பார்த்த வேலைகள், தேதிகள். எல்லாவற்றையும் நிரப்பிவிட்டேன். அந்த ஐந்து வாரத்துக்கு இந்த முறை தனியாக ஒரு வரி எழுதி, புகார்க் கடிதத்தின் நகலையும் பின்னால் இணைத்திருக்கிறேன். கைரேகை கொடுக்கத் திங்கட்கிழமை காலை வரச் சொல்லியிருக்கிறார்கள்.